உடையாமலும் இருக்க வேண்டும், உடையவும் வேண்டும்

பாராசிட்டமால் 500 மாத்திரையை நிறுத்துப் பார்த்தால் 500 மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கும். 500 என்பது மருந்தின் எடை மட்டும்தான். மிச்சமெல்லாம் கலப்படமா என்று கேட்காதீர்கள், அது இல்லாமல் மாத்திரையே இல்லை.

வெறும் பாராசிட்டமால் பொடியை அச்சில் போட்டு அழுத்தினால் அதன் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அழுத்தம் விலகியதும் பழையபடி விரியப் பார்க்கும், உள்ளே மாட்டிய காற்றும் சேர்ந்துகொள்ள மாத்திரையின் மேல்பாகம் மூடி போலக் கழன்று வந்துவிடும். தொழிலில் இதற்குக் கேப்பிங் என்று பெயர்.

அதனால் முதலில் பொடியில் ஸ்டார்ச் பசையோ பொவிடோன் என்ற ஒட்டுப்பொருளின் கரைசலோ விட்டுப் பிசறுவார்கள். புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சல்லடையில் தேய்த்து உலர்த்தினால் குருணை. மெஷின் ஒவ்வொரு மாத்திரையையும் நிறுத்துப் போடுவதில்லை. குழி நிறையக் குருணை விழும், மேலும் கீழுமாகப் பஞ்ச் வந்து அழுத்தும், அவ்வளவுதான். குருணை தடங்கலில்லாமல் வழியாவிட்டால் ஒன்றில் மருந்து கூடும், அடுத்ததில் குறையும். (1843இல் இந்த அச்சு முறைக்குக் காப்புரிமை வாங்கிய வில்லியம் ப்ரோக்டன் ஓர் ஆங்கிலேய ஓவியர். பென்சில் கிராஃபைட்டை அழுத்திக் கட்டியாக்கவும் அதே காப்புரிமைதான்!)

சரி, கெட்டியாகிவிட்டது. இனி வயிற்றில் உடைய வேண்டுமே? அதற்குத்தான் குரோஸ்கார்மெல்லோஸ் போன்ற பொருள்கள், தண்ணீரை உறிஞ்சி ஊதி மாத்திரையை உள்ளிருந்தே பிளக்கும். கம்பி வலை அடியுள்ள 6 கண்ணாடிக் குழாய்களில் மாத்திரைகளைப் போட்டு, 37 டிகிரித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துச் சோதிப்பார்கள். கோட்டிங் இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைந்து உதிர வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஆசாமி மெக்னீசியம் ஸ்டியரேட். மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க அது வேண்டும், பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள்தான் போடுவார்கள். ஆனால் அது தண்ணீரை அண்டவிடாத கொழுப்புச் சரக்கு. கூடுதல் நேரம் கலக்கினால் குருணை மேலெல்லாம் படிந்து, மாத்திரையும் மெத்தென்று ஆகும், கரையவும் தாமதமாகும். அதனாலேயே கடைசியில் போட்டுச் சில நிமிடங்களில் கலவையை நிறுத்திவிடுவார்கள். சேர்மானம் அதேதான், கலக்கிய நேரம் கூடினால் மாத்திரையே வேறு.

அசிடிட்டி மாத்திரையான பான்டோபிரசோலுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அந்த மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும் என்பதால் குடலில் மட்டும் கரைகிற கோட்டிங் கொடுக்கிறார்கள், சோதனையில் 2 மணி நேரம் அமிலத்தில் கிடந்தும் அது உடையக் கூடாது. அதைப் போய்ப் பாதியாக உடைத்து விழுங்கினால், அத்தனை பேர் பார்த்த வேலையும் வயிற்று அமிலத்தோடு போச்சு.