புகை வராத கரிதான் ஆளைச் சாய்க்கிறது

டிசம்பரும் ஜனவரியும் வந்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தனி வகைத் தலைவலி வந்து சேரும். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய்த் திரும்பிய சென்னைக் குடும்பமாக இருக்கும். "ஃபுட் பாய்சன் டாக்டர், எல்லாருக்கும் ஒரே நேரத்துல வாந்தி, தலைசுத்தல்" என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், அறைக்குள் கரி போட்டீர்களா என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, குளிர் தாங்கல. பார்பிக்யூல மிச்சம் இருந்த கரிக்கங்கை ரூம்ல கொண்டுவந்து வச்சோம். ஆனா புகையே இல்ல டாக்டர்" என்பார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சென்ற வாரம் அதைச் சொன்னவரின் மகள் மலையில் நினைவு தப்பி, மூச்சுவிடத் தொண்டைக்குள் குழாய் போடப்பட்டு, ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். பிழைத்துவிட்டாள். அவள் அப்பா ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, புகை வரவில்லை, நாற்றம் வரவில்லை, யாரும் இருமக்கூட இல்லை என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகை என்பது சரியாக எரியாத தூசும் தாரும் ஈரமும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறச் செய்யும், தூங்குகிறவரை எழுப்பி வெளியே விரட்டும். கரி எரியும்போது கூடவே வருகிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு இதில் எதையும் செய்யாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலும் இல்லை. புதிதாகப் பற்றவைத்த கரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கங்கின் மேல் சின்னச் சின்ன நீலச் சுடர்கள் ஓடும். அடியில் எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே இருக்கிற செக்கச் சிவந்த கரியின் ஊடே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அது மேற்பரப்பில் காற்றைத் தொட்டு எரிவதுதான் அந்த நீலச் சுடர். சூடு தணியத் தணிய அந்தச் சுடர் அணைந்துவிடும். கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் படரும், புகை சுத்தமாக நின்றுவிடும். 'சரி, இனி உள்ளே கொண்டுபோகலாம்' என்று எல்லோரும் நினைப்பது அந்த நேரத்தில்தான். அப்போது வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் வருகிறது. நீறு பூத்த நெருப்பை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்கள்.

கரியின் தரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். "நல்ல கரிதான் வாங்கினோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அதிகம். சென்னையின் விறகுத் தொட்டிகளில் மூட்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு, அதாவது விறகை மண்ணால் மூடிக் கருக்கி, எடுக்கிற சீமைக்கருவேலங்கரி. இஸ்திரி வண்டிக்காரர்களும் கிரில் கடைக்காரர்களும் வாங்குவது அதைத்தான். ஆன்லைனில் பெட்டியில் வருவது சிரட்டைக் கரியோ, தூளை அழுத்திச் செய்த கட்டியோ. இதில் நன்கு மூட்டம் போட்ட உலர்ந்த கரி புகையாது, பொறி பறக்காது, நின்று எரியும். கறி சுட அதுதான் நல்ல கரி. ஆனால் கார்பன் மோனாக்சைடு எல்லாக் கரியிலும் வரும். சிரட்டைக் கரி இயற்கையானது என்பதால் அதற்கு விலக்கு எதுவும் கிடையாது. நிலக்கரியும் அப்படியே. கடைக்காரர் "புகையே வராது சார்" என்று சொல்வது அடுப்புக்கான உத்தரவாதம். படுக்கையறைக்கு அவர் உத்தரவாதம் தரவில்லை.

"அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி குமுட்டி அடுப்பில்தானே சமைத்தார், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கரிதானே போட்டார்" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டி அந்த அடுப்பை முற்றத்திலோ திண்ணையிலோ வைத்து விசிறினார். சமையலறைக்கு ஓட்டுக் கூரையும் புகைக்கூண்டும் இருந்தன. அடுப்பைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு அவர் தூங்கவில்லை. குளிர் நாடுகளில் இன்றும் நிலக்கரி அடுப்பு வைத்து வீட்டைச் சூடாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அடுப்பு இரும்புக் கதவு போட்டு மூடியது. அதிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேல் போகிறது. ஜெர்மனியில் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துச் சுத்தம் செய்யச் சட்டப்படியே ஆள் வருகிறார். அவ்வளவு ஏற்பாடு இருந்தும் குழாயில் பறவை கூடு கட்டி அடைத்துக்கொண்டால் அங்கேயும் விபத்துதான். நம்முடைய காட்டேஜில் குழாயும் இல்லை, கதவும் இல்லை. வாயு முழுவதும் அறைக்கே.

மலைக்குப் போனால்தான் என்றில்லை. சென்னையிலேயே வருகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணையும் பச்சைக்குழந்தையையும் ஏசி அறையில் வைத்துக்கொண்டு, சாம்பிராணி போட்ட தூபக்காலை மூலையில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். டெங்கு பயத்தில் கரியில் வேப்பிலை போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். மொட்டை மாடியில் பார்பிக்யூ நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், அடுப்பை அப்படியே ஹாலுக்குள் இழுத்து வைக்கிறார்கள். புயலில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே ஓட்டுகிறார்கள். "ஏசி ஓடுதே, காத்து மாறுமே" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறையில் உள்ள அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைப்பதும் வீண். இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. கட்டில் மேல் படுத்தால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. காற்றின் எடையேதான் இதற்கும், அறை முழுக்கப் பரவும், கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும்.

இன்னொன்று, கோவிட் காலத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. விரலில் மாட்டிப் பார்க்கிறார்கள், 98 காட்டுகிறது, நிம்மதியாகிவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் விரல் கருவி அதை ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதற்கும் நேரம் முக்கியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும், மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில். மறுநாள் மாலை சென்னை வந்து இறங்கி, பரிசோதித்து, நார்மல் என்று வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை. இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: முகம் செர்ரிப் பழம்போல் சிவந்திருக்கும் என்று பாடத்தில் படித்தோம், உயிரோடு வருகிறவர்களிடம் அது அபூர்வம். அதற்காகக் காத்திருக்காமல், வீட்டில் வேறு யாருக்கு உடம்பு முடியவில்லை, வெளியே வந்ததும் தலைவலி குறைந்ததா என்று கேளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பது எளிது. கூரை, சுவர், கதவு உள்ள இடத்துக்குள் கங்கு வரக்கூடாது. ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாலும் வரக்கூடாது. கூடாரத்துக்குள்ளும் காருக்குள்ளும் கூடவே கூடாது. கறி சுட்டு முடிந்ததும் கரியில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள். கணப்பு கொண்டுவந்து தருகிறேன் என்று காட்டேஜ்காரர் அன்போடு சொன்னால், வாசலில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கூடுதலாக இரண்டு கம்பளி கேளுங்கள். மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே விசாரியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, பயணப் பையில் போட்டுக்கொள்ளலாம். புகை அலாரம் அந்த வேலையைச் செய்யாது. அலாரம் இருக்கிறதே என்று கரியை உள்ளே வைக்கவும் வேண்டாம்.

அறைக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே இழுங்கள். அடுப்பை அணைப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள், நீங்களும் உள்ளே நிற்காதீர்கள். பிறகு 108. எலுமிச்சைச் சாறு, மோர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். கரி போட்டிருந்தோம் என்று ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலை மறைத்ததால் எத்தனையோ பேருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பிவைத்திருக்கிறார்கள். கர்ப்பிணியாக இருந்தால் அவருக்குத் தலைவலி மட்டும்தான் என்றாலும் மருத்துவமனைக்கு வரவேண்டும். வயிற்றுக் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரமாகும்.

பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலருக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து மறதி வரும், நடை தடுமாறும், காரணமில்லாமல் கோபமோ சோர்வோ வரும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, வீட்டில் இருக்கிறவர்தான் கவனிப்பார். அதனால் மறுபரிசோதனைக்குத் தனியாக வராதீர்கள். கூடவே வாழ்கிற ஒருவரை அழைத்து வாருங்கள். நான் அவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.