புரதச்சிதைப்பித் தடுப்பி

புரதத்தை வெட்டும் நொதி புரோட்டியேஸ்; அதைத் தடுக்கும் பொருள் ‘புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்தப் பெயரைக் கேட்டதும் எச்.ஐ.வி. மருந்துதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சாக்வினாவிர் அந்த வரிசையில் முதலாவது. ஆனால் சோயாவிலும் இவ்வகைப் பொருள் உண்டு. டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் அந்தப் புரதத்தை 1940களில் உயிர்வேதியியலாளர் குனிட்ஸ் படிகமாகப் பிரித்தெடுத்தார். சோயாவை வேகவைத்தே தின்ன வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘புரோட்டீன்’ கிரேக்க வேர் கொண்டது, பொருள், முதன்மையானது. வேதியியலாளர் பெர்சீலியஸ் யோசனை சொல்ல, 1838இல் இன்னொரு வேதியியலாளரான முல்டர் அச்சேற்றினார். நம் ‘புரதம்’ அதன் ஒலியைத் தழுவி நிற்கிறது. ‘ஏஸ்’ என்ற வால், 1833இல் வேதியியலாளர்கள் பாயனும் பெர்சோவும் முளைதானியத்திலிருந்து எடுத்த ‘டயஸ்டேஸ்’ என்ற நொதி தந்தது. பிறகு நொதிக் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. ‘இன்ஹிபிட்டர்’ லத்தீன், பிடித்து நிறுத்துவது என்று பொருள்.

அதனால்தான் ‘இன்ஹிபிட்டர்’ என்பதற்கு ‘அழிப்பான்’ என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சோயாத் தடுப்பி டிரிப்சினை அழிப்பதில்லை. கடிக்க வாய் திறந்த நாயின் பல்லிடுக்கில் கட்டையைச் செருகியதுபோல, வெட்டும் இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. ‘எதிர்ப்பி’யும் வேண்டாம், அது ஏற்கெனவே நுண்ணுயிர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. புரதத்தைச் சிதைப்பது புரதச்சிதைப்பி. அதைத் தடுப்பது தடுப்பி. நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

இவ்வகைத் தடுப்பியைச் சுண்டெலியில் சோதிக்கும்போது இன்னொரு சொல்லும் இடறுகிறது: ‘இன்ஃப்ளமேஷன்’. லத்தீனில் தீ மூட்டுவது. தமிழின் ‘அழற்சி’யிலும் அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது, இவ்வளவு கச்சிதமான இணை அரிது. அழற்சியின்போது வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற புரதச்சிதைப்பியை உமிழ்கின்றன. அது நல்ல திசுவையும் அரிக்கிறது. அதைத் தடுத்தால் தீ தணியுமா என்பதே கேள்வி. செங்கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் கரைசலைப் பின்னங்காலின் பாதத்தில் ஊசியால் செலுத்துவார்கள். சில மணி நேரத்தில் பாதம் உப்பும். அதை நீரில் அமிழ்த்தி, ஏறும் நீர்மட்டத்தைக் கொண்டு கன அளவைக் குறிப்பார்கள். தடுப்பி பெற்ற எலியின் பாதம் அவ்வளவாக உப்பவில்லை என்றால் ‘அழற்சி தணிந்தது’ என்று எழுதிவிடுகிறோம். அளந்தது வீக்கத்தை மட்டுமே. அழற்சி என்று எழுத வேண்டுமானால், அந்தத் திசுவில் வெள்ளணுக்களும், அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களான சைட்டோகைன்களும் குறைந்தனவா என்றும் பார்த்திருக்க வேண்டும்.