கல்லீரலில் உள்ள 'கல்'

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் 'கிட்னி ஸ்டோன்', 'ஃபேட்டி லிவர்' என்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தால், பலரும் கல்லைப் பிடித்துக்கொண்டு கொழுப்பை விட்டுவிடுவார்கள். வலிப்பது கல்தானே! ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. அதைத் தமிழில் சொல்லப் போனால் முதல் குழப்பம் கல்லீரல் என்ற பெயரிலேயே இருக்கிறது.

அந்தப் பெயரில் உள்ள கல் நோயன்று. ஈரல் பொதுப்பெயர், நுரைபோல் காற்று நிறைந்தது நுரையீரல், கெட்டியானது கல்லீரல். தொட்டுப் பார்த்து வைத்த பெயர்கள் என்றே தோன்றுகிறது. சிறுநீரகமோ சிறுநீர் + அகம் என வேலையைக் கொண்டு அமைந்தது. அதன் பழைய பெயர் குண்டிக்காய். இன்று மருத்துவரிடம் அதைச் சொல்ல வாய் கூசும்.

சிறுநீரகக் கல்லுக்குச் சித்த மருத்துவம் தரும் பெயர் கல்லடைப்பு. ஆங்கில மருத்துவப் பெயரான நெஃப்ரோலித்தியாசிஸ் என்பதில் நெஃப்ரோஸ் சிறுநீரகம், லித்தோஸ் கல், இரண்டும் கிரேக்கம். இலத்தீனில் கால்குலஸ், அதாவது சிறு கூழாங்கல். அதை வைத்து எண்ணிக் கணக்குப் போட்டதால், நம் கால்குலேட்டரும் அதே குடும்பம். இவை கல்லை மட்டும் சொல்ல, தமிழ்ச் சொல் அது செய்யும் வேலையையும் சொல்கிறது. ஆனால் எல்லாக் கல்லும் அடைப்பதில்லை. பல கற்கள் சத்தமின்றிச் சிறுநீரகத்திலேயே கிடக்கும். அதனால் பொருளுக்குச் 'சிறுநீரகக் கல்' என்றும், அது நகர்ந்து குழாயை மறித்து உயிர்போகும் வலி தருவதற்குக் 'கல்லடைப்பு' என்றும் பிரித்து வழங்கலாம்.

ஃபேட்டி லிவருக்கு மருத்துவப் பெயர் ஸ்டியட்டோசிஸ். ஸ்டியார் என்றால் கிரேக்கத்தில் கெட்டிக் கொழுப்பு. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு சேர்ந்தால் இந்தப் பெயர். 'கொழுப்புக் கல்லீரல்' என்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது; கல்லீரலே கொழுப்பால் ஆனதுபோல் ஒலிக்கிறது. 'கொழுப்பேறிய கல்லீரல்' நேராக நிற்கிறது; நிலையைக் குறிக்கக் 'கல்லீரல் கொழுப்பேற்றம்' போதும். இன்னொரு சங்கடமும் உண்டு: நம் பேச்சில் 'கொழுப்பு' திமிரையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் இதே உறுத்தல் இருந்தது. 1980-இல் 'மது சாராத' என்ற அடைமொழியோடு பரவத் தொடங்கிய பெயரை, பழிக்கும் தொனியைக் களையவும் காரணத்தைச் சொல்லவும் 2023-இல் மாற்றினார்கள். புதுப் பெயரைத் தமிழில் விரித்தால் 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பேறிய கல்லீரல் நோய்'. ஒரே மூச்சில் சொல்ல முடியாதுதான்.

ஆனால் உறவின் முடிச்சு அந்த நீளத்துக்குள்தான் இருக்கிறது. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காதபோது கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. அதே இணக்கமின்மையால் சிறுநீரகம் அமிலத்தைத் தணிக்கும் அம்மோனியாவைப் போதிய அளவு உண்டாக்காமல், சிறுநீர் கூடுதலாகப் புளிக்கிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், கரைந்திருக்க வேண்டிய யூரிக் அமிலம் படிகமாகிவிடும். கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட்டும் அமில நிலையில் குறைகிறது.

கல்லின் மூலப்பொருளிலும் கல்லீரலுக்குப் பங்குண்டு. யூரிக் அமிலம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை அளவு மீறினால், கொழுப்பையும் யூரிக் அமிலத்தையும் சேர்த்தே ஏற்றும். கால்சியக் கற்களில் அதிகம் காணப்படும் ஆக்சலேட்டையும் கல்லீரல் உண்டாக்குகிறது. பிறவியிலேயே கல்லீரலில் ஒரு நொதி குறைபட்டால் வரும் ஓர் அரிய நோயில், கற்கள் நிறைவது சிறுநீரகத்தில்; அதற்குக் கல்லீரலையே மாற்றிய சிகிச்சை உண்டு. குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்.

கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர்களிடம் சிறுநீரகக் கல் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் ஒன்றே மற்றதை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. உடல் பருமனும் நீரிழிவும் இரண்டுக்கும் பொதுவான பின்னணி.

இரண்டையும் சேர்த்துக் குறிக்கத் தனிப்பெயர் தேடினேன். வேண்டியதில்லை என்று பட்டது. கிரேக்க வேரில் மெட்டபாலிசம் என்றால் வெறும் 'மாற்றம்'. தமிழில் அது வளர்சிதை மாற்றம்: கட்டுவதும் உடைப்பதும் ஒரே சொல்லில். கல்லீரலில் கொழுப்பு தேங்குவதும் சிறுநீரில் கல் படிவதும் பல நேரங்களில் அந்தக் கணக்கு பிசகுவதால்தான்.