ஃபிளிப் பண்ணா வலம்புரி

கீழக்கரை தம்பி ஒருத்தர் ஒரு வலம்புரிச் சங்கு போட்டோவ அனுப்பி, "அண்ணே, இதுக்கு லட்சக்கணக்குல கேக்குறாங்க, போட்டோஷாப் வேலையா இருக்குமா?"ன்னு கேட்டிருந்தார். இருக்கலாம் தம்பி, ரெண்டு கிளிக் வேலைதான். போட்டோஷாப்ல எடிட், டிரான்ஸ்ஃபார்ம், ஃபிளிப் ஹரிசான்டல், அதாவது கண்ணாடில தெரியற மாதிரி இடத்த வலமா மாத்துறது. ஜிம்ப்னு இன்னொரு படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல லேயர் (படத்து மேல படமா அடுக்குற தாள் மாதிரி) மெனுவுக்குள்ள இருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னா, லேயரோட ஒவ்வொரு வரிசையிலயும் 1000 பிக்சல், அதாவது கலர்ப் புள்ளி, இருக்குன்னு வைங்க, 0 முதல் 999 வரை நம்பர். 0-ம் 999-ம் இடம் மாத்திக்கும், 1-ம் 998-ம் மாத்திக்கும், இப்படி நடு வரைக்கும் 500 ஜோடி, அவ்வளவுதான். 1001 பிக்சலா இருந்தா நடுவுல இருக்க 500-ம் நம்பர் நகராம அங்கயே இருக்கும். இதுல ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு பிக்சல்ங்கிறது சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவுன்னு நாலு எண், அந்த நாலும் உள்ள வரிசை மாறாம ஒண்ணாவே நகரணும், மொத்த வரிசையையும் அப்படியே பின்னாடி இருந்து எழுதிட்டா கலரே கெட்டுப்போயிடும். புதுசா எந்தக் கலரையும் கணக்குப் போட வேண்டியதில்ல, அதனால தேய்மானமும் இல்ல, திரும்ப ஃபிளிப் பண்ணா பழைய படம் ஒரு புள்ளி பிசகாம வந்துடும். 10 டிகிரி சாய்ச்சா அப்படி இல்ல, பிக்சல் கட்டத்துக்கு நடுவுல விழும், பக்கத்துக் கலர்களைக் கலந்து குத்துமதிப்பாத்தான் நிரப்பும்.

சரி, சங்குக்கு வருவோம். சாதாரணச் சங்கோட, அதாவது இடம்புரியோட, சுருள் ஆரம்பிக்கிற கூர்நுனிய மேல பாக்க, வாயை நம்ம பக்கம் பாக்க வச்சா, வாய் வலது கைப்பக்கம் இருக்கும். வலம்புரில இடது பக்கம். படத்த 180 டிகிரி சுத்தினா வாய் இடது பக்கம் போகும்தான், ஆனா நுனி கீழ வந்துடுமே. எப்படிச் சுத்தினாலும் இடம்புரி இடம்புரிதான், ஃபிளிப் மட்டும்தான் அத வலம்புரியாக்கும்.

உயிரோட இருக்குறதுலயே இந்த ஃபிளிப்பைப் பண்ணிப் பாத்திருக்காங்க. குளத்து நத்தை ஒண்ணுல ஜப்பான்காரங்க 2019-ல கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற கருவிய வச்சு ஒரே ஒரு ஜீனைக் கெடுத்தாங்க, அந்தத் தாய்களோட குஞ்சுகளுக்கு ஓடு மறுபக்கமா சுத்திடுச்சு. வீட்டுல வச்சா காசு கொட்டும்னு சங்குக்கு லட்சம் லட்சமா கொடுக்குற ஊர்ல, அது ஏன் அப்படிச் சுத்துதுன்னு பாக்க நாலு பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், மண்டபத்துல கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ரொம்ப வருஷமா இருக்கு, இடத்துக்கா பஞ்சம்?

தம்பி, முழுப் படத்தையும் திருப்பியிருந்தா பின்னாடி போர்டு எழுத்து மாறிக் காட்டிக் கொடுத்துடும். சங்கு லேயரை மட்டும் திருப்பியிருந்தா வெளிச்சத்தப் பாருங்க, சங்குல ஒரு பக்கமிருந்தும் பிடிச்சிருக்க கையில இன்னொரு பக்கமிருந்தும் விழும். நேர்ல போனாலும் உஷாரு, அமெரிக்கக் கடல்ல இயல்பாவே இடது பக்கம் வாய் வச்ச சங்கு ஒண்ணு இருக்கு, அதத்தான் வலம்புரின்னு தள்ளிவிடுறாங்க. வாய்க்குள்ள நடுத்தூண்ல மூணு நாலு மடிப்பு தடிப்பா இருந்தாத்தான் நம்ம கடல் சங்கு.