ஏரிச் சேற்றில் மாமூத் டிஎன்ஏ: கிடைத்துவிட்டால் போதுமா?

ஏரியின் அடியில் சேறு அடுக்கடுக்காகப் படியும்போது, சுற்றியுள்ள செடிகளின் வேர், இலை, விலங்குகளின் சாணம், சிறுநீர் ஆகியவற்றின் டிஎன்ஏவும் களிமண் துகள்களில் ஒட்டிப் புதைகிறது. எலும்பே அகப்படாத இடத்திலும் எவை வாழ்ந்தன, எப்போது மறைந்தன என்று இதிலிருந்து அறியலாம். வட கிரீன்லாந்தின் காப் கோபன்ஹாவ்ன் படிவில் கிடைத்த சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏ பற்றி 2022இல் ஆய்வு வெளியானது. யானையின் அழிந்துபோன உறவினமான மாஸ்டோடான், கலைமான், பிர்ச், பாப்லர் மரங்கள் எல்லாம் இருந்த காடு அது. இன்று அங்கே மரமே கிடையாது.

ஆனால் ஓர் அடுக்கில் டிஎன்ஏ இருப்பதும், அந்த விலங்கு அந்தக் காலத்தில் உயிரோடு இருந்ததும் ஒன்றல்ல. நியூசிலாந்துக் குகைகளில் மோவா பறவை வாழ்ந்த காலத்து அடுக்குகளில் ஆட்டின் டிஎன்ஏ வந்தது. ஆடுகளோ ஐரோப்பியர்கள் பின்னாளில் கொண்டுவந்தவை. மேலடுக்கிலிருந்து டிஎன்ஏ கீழே கசிந்திருக்கிறது. நிரந்தர உறைமண்ணில் கசிவு குறைவு. அங்கே சிக்கல் வேறு. பழைய சடலம் உருகிக் கரைந்து புது வண்டலோடு கலந்துவிடலாம். சைபீரியாவின் தைமிர் பகுதியில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மாமூத் (அழிந்துபோன யானை இனம்) வாழ்ந்ததாக 2021இல் வந்த முடிவுக்கு எழுந்த மறுப்பும் இதுதான்.

அலாஸ்காவின் செயின்ட் பால் தீவு ஆய்வு அதனால்தான் வலுவானது. ஏரி வண்டலில் மாமூத் டிஎன்ஏ மறையும் காலத்தை ஒட்டியே சாணத்தில் வளரும் பூஞ்சைகளின் வித்துகளும் குறைகின்றன. எலும்புகளின் கார்பன் காலக்கணிப்பும் அதோடு ஒத்துப்போகிறது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்பு, ஏரி ஆழம் குறைந்து நன்னீர் அருகிய வேளையில், மாமூத்கள் அழிந்தன.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குழாயை இறக்கும்போது மேல்சேறு உட்சுவரோடு இழுபட்டுக் கீழே போகும். ஆகவே குழாயில் தண்டுபோல வரும் வண்டலை நீளவாக்கில் பிளந்து, வெளிப்புறத்தைச் சுரண்டி நீக்கிவிட்டு நடுவிலிருந்து சில கிராம் எடுக்க வேண்டும். பழைய அடுக்கில் தொடங்கிப் புதியதை நோக்கி வரவேண்டும். பழையதில் டிஎன்ஏ குறைவு என்பதால் அதைக் கெடுக்கச் சிறு துளி போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் கத்தியும் கையுறையும் புதிது. டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறை நடக்கும் ஆய்வகத்தில் இருந்தவர் அன்றே தொன்மை டிஎன்ஏ அறைக்குள் நுழையக் கூடாது.

பிசிஆர் வேதிப்பொருள்களிலேயே மாடு, பன்றி, கோழி டிஎன்ஏ கலந்திருப்பது உண்டு. எனவே மண்ணே சேர்க்காத வெற்று மாதிரியை ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுவது கட்டாயம். மண்ணின் ஹியூமிக் அமிலம் பிசிஆரைத் தடுக்கும். மண்ணிலிருந்து பிரித்த டிஎன்ஏ கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பார்க்காமல் ‘எதுவும் இல்லை’ என்று எழுதக் கூடாது.

உண்மையில் பழையதுதானா என்பதைச் சிதைவு காட்டும். டிஎன்ஏ துண்டுகள் பெரும்பாலும் 100 கார இணைகளுக்கும் (டிஎன்ஏ எழுத்துகளின் சோடிகள்) குறைவாக இருக்கும். முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து யுராசிலாக மாறுவதால் அது தைமினாகப் படிக்கப்படும். குறிப்பிட்ட மரபணுத் துண்டை மட்டும் பிசிஆரில் பெருக்கினால், பெருக்கலைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு முனைகளை மூடிவிடுவதால் இந்த அடையாளம் தெரியாமல் போகிறது. முக்கியமான முடிவென்றால், துண்டுகள் அனைத்தையும் நேரடியாகப் படிக்கும் முறைக்குப் போவதே சரி.

ஒப்பீட்டுத் தரவுத்தளத்தில் ஓர் இனம் இல்லையென்றால், மென்பொருள் அதை நெருங்கிய உறவினத்தின் பெயரில் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இனப்பெயர் கொடுக்காமல் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்ளுங்கள். வெற்று மாதிரிகளின் தரவையும் மற்றவற்றோடு சேர்த்தே வெளியிடுங்கள்.