வாம்பயர்: இரத்தக் காட்டேரி என்று சொன்னால் போதுமா?

காமிக்ஸ் மொழிபெயர்ப்பில் வாம்பயர் என்ற சொல் வரும்போதெல்லாம் நம் கை தானாக ‘இரத்தக் காட்டேரி’ என்று எழுதிவிடுகிறது. படிப்பவருக்கும் புரிந்துவிடுகிறது: கோரைப்பல், கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு துளை. அகராதிப் பொருளும் ஏறக்குறைய அதுதான். இரவில் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, உயிரோடிருப்பவரின் இரத்தத்தைக் குடிக்கும் பிணம். இதில் கடைசியாக வரும் ‘பிணம்’ என்ற சொல்லைத்தான் நாம் கோட்டை விட்டுவிடுகிறோம். காட்டேரி என்ற சொல்லுக்குள் பிணம் கிடையாது.

வாம்பயர் ஆங்கிலத்தில் பிறந்த சொல் இல்லை. 1730களில்தான் லண்டன் பத்திரிகைகளில் அது தலைகாட்டுகிறது. அதற்கு முன் ஜெர்மன், அதற்கும் முன் செர்பியம். செர்பியம், ரஷ்யம் முதலிய ஸ்லாவ் மொழிகளில் இதன் பழைய வடிவம் ‘உபிர்’. ரஷ்யாவின் நோவ்கொரோட் இளவரசருக்காக 1047இல் ஒரு சமயநூலைப் படியெடுத்துக் கொடுத்த பாதிரியார், தன் பெயரை ‘உபிர் லிஹி’ என்று எழுதி வைத்திருக்கிறார். அது பட்டப்பெயரா, வேற்றுமொழிப் பெயர் திரிந்து வந்ததா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. உபிர் என்பதன் வேர் எது என்பதிலும் அப்படித்தான். துருக்கிய மொழிகளில் சூனியக்காரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, ஸ்லாவ் வேரே என்று இன்னொரு கட்சி.

சொல் எப்படிப் பரவியது என்பதில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அதைப் பரப்பியது ஓர் அரசு அறிக்கை. 1725இல் செர்பியாவின் ஒரு பகுதி ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. அங்கே கிசில்யேவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்து புதைக்கப்பட்டார். சுமார் பத்து வாரம் கழித்து, எட்டு நாளுக்குள் ஒன்பது பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். செத்தவன் தூக்கத்தில் வந்து மேலே படுத்துத் தொண்டையை நெரித்தான் என்று சாகும் தறுவாயில் சொன்னார்களாம். பிளகோயெவிச்சின் மனைவியோ, ‘என் செருப்பு எங்கே’ என்று கேட்டுக் கணவர் வந்தார் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கே போய்விட்டார். ஊர்க்காரர்களின் நெருக்குதலில் ஃபிராம்பால்ட் என்ற ஆஸ்திரிய அதிகாரி குழியைத் தோண்டிப் பார்க்கச் சம்மதித்தார். உடல் அழுகவில்லை, மூக்கு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது, முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருந்தன, பழைய தோல் உரிந்து புதுத் தோல் தெரிந்தது, வாயில் புது இரத்தம் என்று அவர் எழுதி அனுப்பினார். கூர்மரத்தை நெஞ்சில் இறக்கி, அப்புறம் எரித்துவிட்டார்கள். வியன்னா பத்திரிகை ஒன்று அதே ஆண்டு ஜூலையில் இதை அச்சிட்டது. ஏழு ஆண்டு கழித்து மெத்வெஜா என்ற இன்னொரு செர்பிய ஊரிலிருந்து இராணுவ மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. அதோடு ஐரோப்பாவே இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது.

அந்த அதிகாரி பொய் எழுதவில்லை. புதைத்த உடல் உள்ளே அழுகும்போது வாயு உப்பி, இரத்தம் போன்ற நீரை வாய்வழியே தள்ளும். மேல்தோல் வழன்று உரியும். தோல் சுருங்குவதால் நகமும் தாடியும் நீண்டாற்போல் தெரியும். வயிறு உப்பிய பிணத்தைப் பார்த்து ‘நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்’ என்று ஊர் முடிவுகட்டியது.

கிசில்யேவோவில் யாரையும் எதுவும் கடிக்கவில்லை என்பதைப் பாருங்கள். கழுத்தை நெரித்தல்தான். கோரைப்பல்லும் இரண்டு துளையும் 1840களில் இங்கிலாந்தில் வாரப் பதிப்பாக விற்ற மலிவு விலைத் தொடர்கதையில் வேரூன்றின. வெயில் பட்டால் சாம்பல் என்பது இன்னும் புதிது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவார், சக்தி மட்டும் குறைந்திருக்கும். சூரிய ஒளி கொல்லும் என்பதை 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் ஒன்றுதான் நிலைநாட்டியது. வௌவாலுக்கும் அந்தப் பெயர் பிறகு வந்ததுதான். இரத்தம் குடிக்கும் வௌவால் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அதைக் கண்ட ஐரோப்பியர் ஊர்க்கதையின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

டிராகுலா என்பதையும் நம்மில் பலர் பொதுப்பெயர் போலப் புழங்குகிறோம், ‘ரெண்டு டிராகுலா வந்துச்சு’ என்கிற மாதிரி. அது ஆள் பெயர். இன்றைய ருமேனியாவில் அடங்கும் வலாக்கியாவை ஆண்ட இரண்டாம் விளாட் 1431இல் ‘டிராகன் அணி’ என்ற வீரர் குழுவில் சேர்ந்ததால் டிராகுல் ஆனார், அவர் மகன் டிராகுலா ஆனார். இன்றைய ருமேனிய மொழியில் டிராகுல் என்றால் சாத்தான்.

இனி வேட்டைக்காரர். பேய் வேட்டையாடும் துப்பறிவாளர் என்றால் காமிக்ஸ்காரர்களின் கற்பனை என்றுதான் தோன்றும். செர்பியா, பல்கேரியா அடங்கிய பால்கன் பகுதியின் கிராமங்களில் அது கூலி வாங்கிச் செய்த தொழில். வாம்பயருக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன் ‘தாம்பிர்’. கண்ணுக்குத் தெரியாத வாம்பயர் அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்பதால், ஊரார் பணமோ துணிமணியோ சாப்பாடோ கொடுத்து அவனை அழைத்து வருவார்கள். பல்கேரியாவில் இந்த வேலைக்காரருக்கு ‘வம்பிர்ஜி’ என்று பெயர். கடைசியில் நிற்கும் ‘ஜி’, தொழில் செய்பவரைக் குறிக்கும் துருக்கிய விகுதி. பாரசீகம் வழியாக அதே விகுதி நம்மிடமும் வந்து ‘கஜாஞ்சி’ என்ற சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. கஜானாவைப் பார்ப்பவர் கஜாஞ்சி, வாம்பயரைப் பார்ப்பவர் வம்பிர்ஜி!

தாம்பிர் என்ற சொல்லும் காமிக்ஸுக்குள் வந்துவிட்டது. 2000இல் இத்தாலியில் தொடங்கிய ‘டாம்பிர்’ தொடரின் நாயகன் ஹார்லன் டிராகா அப்படிப் பிறந்தவன்தான். கதை தொடங்குவதும் பால்கன் போர்க்களத்தில். சொல்லை அதன் பிறந்த மண்ணுக்கே கூட்டிப்போய்விட்டார்கள்.

அமெரிக்கக் காமிக்ஸில் வாம்பயரின் கதையே ஒரு சொல்லின் கதைதான். 1950களின் தொடக்கத்தில் ஈசி காமிக்ஸ் நிறுவனத்தின் திகில் இதழ்கள் கொடிகட்டிப் பறந்தன. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கூச்சலும் கூடவே எழுந்தது. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், இரும்புப் பல் கொண்ட வாம்பயர் இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டது என்று வதந்தி கிளம்பி, குழந்தைகள் கத்தியும் கழியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டமாக நின்று வேட்டையாடினார்கள். பழி அமெரிக்கக் காமிக்ஸ் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் அத்தகைய இதழ்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. இத்தனைக்கும் இரும்புப் பல் வாம்பயர் வரும் காமிக்ஸ் ஒன்றைக்கூட அன்று யாராலும் எடுத்துக்காட்ட முடியவில்லை. இரும்புப் பல் உள்ள மிருகம் பைபிளில், தானியேல் ஆகமத்தில் இருக்கிறது.

1954 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே கூடி ஒரு காமிக்ஸ் நெறிமுறை எழுதிக்கொண்டார்கள். நடமாடும் பிணங்கள், வாம்பயர்கள், பிணந்தின்னிகள், நரமாமிசம், ஓநாய் மனிதர்கள் எல்லாவற்றுக்கும் அதில் தடை. தடை எந்த அளவுக்கு இறுகியது என்றால், மார்வ் வுல்ஃப்மேன் என்ற எழுத்தாளரின் குடும்பப் பெயரே சிக்கலானது. ஒரு கதையில் ‘அலைந்து திரியும் வுல்ஃப்மேன் சொன்ன கதை’ என்று வர, ஓநாய் மனிதன் கூடாது என்று தணிக்கையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அது எழுதியவரின் நிஜப் பெயர் என்று பதில் போனது. அப்படியானால் அவர் பெயரை முறையாக அச்சிடுங்கள் என்று உத்தரவு வந்தது. எழுத்தாளர் பெயர் போடும் வழக்கம் அரிதாக இருந்த காலம் அது. மனிதருக்கு இலவச விளம்பரம்!

1971இல் நெறிமுறை தளர்ந்தது. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் போன்ற இலக்கிய மரபை ஒட்டி எழுதினால் வாம்பயர் வரலாம் என்றார்கள். அதே ஆண்டு ஸ்பைடர்மேன் கதையில் மோர்பியஸ் என்ற வாம்பயர் வந்தான். 1972இல் மார்வெல் டிராகுலாவை வைத்தே தனி இதழ் தொடங்கியது. 70 இதழ்களுக்கும் ஜீன் கோலன் ஒருவரே படம் வரைந்தார். ஏழாம் இதழிலிருந்து கதை எழுதியவர், தன் பெயருக்கே தடை வாங்கிய அதே வுல்ஃப்மேன். மரக்கத்திகளோடு பிளேடு என்ற வாம்பயர் வேட்டைக்காரன் அறிமுகமானது பத்தாம் இதழில். எனக்குப் பிடித்த ஆள் அவன் இல்லை, 25ஆம் இதழில் வரும் ஹானிபல் கிங். தனியார் துப்பறிவாளர். பழைய துப்பறியும் படங்களின் சலித்த குரலில் தன் வழக்கைத் தானே சொல்லிக்கொண்டு போவார், கடைசியில்தான் அவரும் ஒரு வாம்பயர் என்று தெரியும். வேட்டைக்காரனும் வேட்டையும் ஒரே உடம்பில் என்ற தாம்பிர் யோசனைக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட மாதிரி.

வாம்பயர் வந்தாலும் ஜோம்பி வரவில்லை. இலக்கிய மரபு இல்லை என்பதால் அதற்குத் தடை நீடித்தது. மார்வெல் அதற்கு ‘ஸுவெம்பி’ என்று பெயர் மாற்றி, அதே நடைப்பிணத்தை இதழுக்குள் நடக்கவிட்டது. சொல்தான் தடைசெய்யப்பட்டதே தவிர, உருப்படி அல்ல.

துப்பறிவாளர் என்ற தமிழ்ச் சொல்லில் எனக்குக் குறையே இல்லை. டிடெக்டிவ் என்பதன் லத்தீன் வேருக்கு ‘மூடியதைத் திறப்பவர்’ என்று பொருள். துப்பை அறிபவர் என்ற நம் சொல் அதற்குச் சளைத்ததில்லை. சிக்கல் இத்தாலியக் காமிக்ஸ் நாயகன் டைலன் டாக்கிடம் வருகிறது. டிசியானோ ஸ்கிளாவி 1986இல் உருவாக்கிய இந்த முன்னாள் ஸ்காட்லாந்து யார்டு ஆசாமி, லண்டன் கிரேவன் சாலையில் குடியிருக்கிறார், சிவப்புச் சட்டை கறுப்புக் கோட்டைத் தவிர வேறு போடமாட்டார். லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழும் பேசியவர். அவருடைய தொழில் இத்தாலிய மொழியில் ‘இன்கூபோ’வைத் துப்பறிவது. இன்கூபோ என்றால் கெட்ட கனவு, ஆகவே ‘கொடுங்கனவுத் துப்பறிவாளர்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் அதன் லத்தீன் வேருக்கு ‘மேலே படுத்திருப்பது’ என்று பொருள், தூங்குபவர் நெஞ்சில் ஏறி அழுத்தும் பேய். இதற்கு நம் ஊரில் நயமான சொல் ஒன்று தயாராக இருக்கிறது: அமுக்குவான். கிசில்யேவோவில் செத்தவர்கள் சொன்னதும் இந்த அமுக்குவானைத்தான்.

இனி காட்டேரிக்கு வருவோம். காட்டேறி என்றும் எழுதுவார்கள். காடு என்ற சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்வது வழக்கம். சுடுகாட்டையும் நாம் காடு என்றுதான் சொல்கிறோம். கர்ப்பிணிகளை அண்டும், இரத்தப் பலி கேட்கும் என்பது நாட்டார் நம்பிக்கை. அதே சமயம் அவள் தெய்வம். குலதெய்வமாகக் கும்பிடுபவர்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு கயானா வரை போய், அங்கே மாரியம்மன், மதுரை வீரனோடு இன்றும் வழிபடப்படுகிறாள். அவள் செத்துப்போன எவருடைய உடலும் அல்ல, கூர்மரம் இறக்கிக் கொல்லும் பிராணியும் அல்ல. தவிர அவள் பெண். டிராகுலா பிரபுவைக் காட்டேரி என்று அழைப்பதில் மீசை கொஞ்சம் இடிக்கிறது.

இரத்தம் குடிக்கும் பேய் தமிழுக்குப் பஞ்சமில்லை. கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் இரத்தத்தை உலைநீராக்கி, செத்தவர் பல்லை அரிசியாக்கிக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. படிக்கும்போது பயத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது, அது பந்தி. ஒளிந்து வந்து கடிக்கும் வேலை அங்கே இல்லை.

பிணம் வேண்டுமென்றால் வேதாளம். முருங்கை மரத்தில் தொங்கும் உடலுக்குள் புகுந்துகொண்டு, விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லும் பேர்வழி. 1870இல் அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்டு பர்டன், தலைப்பிலேயே வேதாளத்தை வாம்பயர் ஆக்கிவிட்டார். பிணத்தை வைத்துப் பார்த்தால் சரியான தேர்வுதான். ஆனால் நம் வேதாளம் இரத்தம் கேட்காது, புதிருக்கு விடைதான் கேட்கும். ஆக, காட்டேரியிடம் இரத்தம் இருக்கிறது, வேதாளத்திடம் பிணம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்த சொல் நம் கையில் இல்லை.

புதிதாகப் படைத்தவர்களும் உண்டு. ‘குருதி உறிஞ்சி’ என்றால் எனக்கு அட்டையும் கொசுவும்தான் கண்முன் வருகின்றன. ‘குருதிப்பேய்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் பேய் என்றால் உடலற்றது, காற்றாய் வந்து ஆளைப் பிடிப்பது, அதன் நெஞ்சில் மரத்தை எங்கே அடிப்பது? என் யோசனை இது. தலைப்பிலும் அட்டையிலும் ‘இரத்தக் காட்டேரி’ இருந்துவிட்டுப் போகட்டும், அந்த ஒலிக்கு ஈடில்லை, வாசகர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பாத்திரங்கள் இனத்தைப் பெயர் சொல்லிப் பேசும் இடத்தில் ‘வாம்பயர்’ என்றே எழுதலாம், செர்பியச் சொல்லைக் கடன் வாங்க ஆங்கிலேயர் கூச்சப்படாதபோது நமக்கென்ன? கல்லறையைத் திறக்கும் காட்சியில் மட்டும் ‘குருதி குடிக்கும் பிணம்’ என்று உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அந்த இடத்தில் காட்டேரி என்று போட்டால் திகில் போய்விடுகிறது.

கூட வரும் மற்றவர்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கூல் என்பதற்குப் ‘பிணந்தின்னி’ கச்சிதம். வேர்வுல்ஃப் என்பதில் ‘வேர்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மனிதன், எனவே ‘ஓநாய் மனிதன்’ சொல்லுக்குச் சொல் சரி. ஜோம்பிக்கு ‘நடைப்பிணம்’ இருக்கிறது. ஸுவெம்பிக்கு மட்டும் தமிழ் தேட வேண்டாம். தணிக்கைக்காரர் கண்ணில் மண் தூவப் பயன்பட்ட சொல் அது, அப்படியே இருக்கட்டும்.