கெர்னல் திருப்பித் தர மறந்த 256 பைட்

ஒரு சாதாரண புரோகிராம் மெமரியை வாங்கிவிட்டுத் திருப்பித் தர மறந்தால் பெரிய கவலை இல்லை. அது முடிந்ததும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வந்து, அது வைத்திருந்த அத்தனையையும் வாரி எடுத்துக்கொள்ளும். மறந்தது கெர்னலே என்றால், பின்னால் வந்து கூட்டிப் பெருக்க யாரும் கிடையாது.

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரை, அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் பகுதியை, வைத்துக்கொள்வோம். ஒரு புரோகிராம் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) மூலம் அதனிடம் ஏதோ வேலை கேட்கிறது. டிரைவர் கேமல்லாக் மூலம் 256 பைட் வாங்கி, வந்த தகவலை அதில் நகலெடுத்து, அப்புறம் சரிபார்க்கிறது. எல்லாம் சரி என்றால் வேலையை முடித்து, கேஃப்ரீ மூலம் மெமரியை விடுவித்துவிடும். தகவல் தப்பு என்றால் பிழை எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. கேஃப்ரீ வரி இன்னும் கீழே இருக்கிறது. அதுவரை போகவே இல்லை. அந்த 256 பைட்டின் முகவரியை வைத்திருந்த மாறியும் ஃபங்ஷனோடு போய்விட்டது. இனி விடுவிக்க நினைத்தாலும் அது எங்கே இருக்கிறது என்று கெர்னலில் எந்தப் பகுதிக்கும் தெரியாது. இதுதான் மெமரி கசிவு.

இதை எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதை தினமும் ஓடுகிறது. பிழை வரும் பாதை மாதக்கணக்கில் ஒரு முறைகூட ஓடாமல் கிடக்கலாம்.

ஒருவர் வேண்டுமென்றே தப்பான தகவலையே அனுப்பிக்கொண்டிருந்தால் கதை வேறு. நொடிக்கு 1 லட்சம் முறை என்றால் நொடிக்கு 25.6 எம்பி போகும். 8 ஜிபி மெமரி ஐந்தரை நிமிடம் தாங்காது.

மெமரி தீரும்போது கெர்னல் ஓஓஎம் கில்லரைக் கூப்பிடும். எந்த புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதிக மெமரி வைத்திருக்கிறதோ அதைப் பார்த்துக் கொல்வது அதன் வேலை. கசிந்த மெமரியோ எந்த புரோசஸின் கணக்கிலும் இல்லை. அதனால் முதலில் மாட்டுவது, தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த டேட்டாபேஸாக இருக்கலாம். காரணமான சின்ன புரோகிராம் கையில் ஒன்றுமில்லாததுபோல் தொடர்ந்து ஓடும். ஒவ்வொன்றாகச் செத்து, கொல்ல எதுவும் மிஞ்சாதபோது கெர்னல் பேனிக் ஆகிவிடும், அதாவது மெஷினே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட கசிவுக்குக் குறைந்த தீவிரம் என்ற முத்திரை விழுவதுண்டு. இதற்கா என்று தோன்றும். பாதுகாப்புக் குறைகளின் தீவிரத்தை மதிப்பிடும் சிவிஎஸ்எஸ் 3.1 முறையில், மெஷினுக்குள் ஏற்கெனவே லாகின் கணக்கு உள்ளவர் மட்டுமே செய்ய முடியும், தகவல் திருட்டோ திருத்தமோ இல்லை, சேவை ஓரளவு தடைபடும் என்றால் வருவது 10-க்கு 3.3. சேவை முழுதாக நின்றுபோகும் என்று எடுத்துக்கொண்டால் 5.5. பல பேர் பகிர்ந்துகொள்ளும் சர்வருக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

கண்டுபிடிக்கும் வழி அழகானது. கேமெம்லீக் என்ற கருவி, வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கெர்னலின் மெமரியைத் துழாவும். வாங்கிய ஒரு துண்டின் முகவரி எங்குமே எழுதப்படவில்லை என்றால், அது கைவிடப்பட்டதாக இருக்கலாம் என்று சொல்லிவிடும். திருத்தம் பெரும்பாலும் ஒரே வரி: பிழைப் பாதையிலும் ஒரு கேஃப்ரீ. லைவ் பேட்ச்சாகப் போட்டால் மெஷினை நிறுத்தாமலே கசிவு நின்றுவிடும். ஏற்கெனவே கசிந்த மெமரி மட்டும் ரீஸ்டார்ட் செய்யும்வரை திரும்பாது.